கரையில் வந்த கப்பல்

மன்னாரில் அரசாங்க விடுதியான வாடிவீட்டில் சமைக்கும் கோக்கிக்கு இடது புருவம் கிடையாது. அடுப்பில் கருகிப் போனதல்ல; விளக்குச் செய்யப்போய்ப் பொசுங்கியது. துரைமார் குடித்துத் தீர்த்த போத்தல்களின் கழுத்தில் மண்ணெண்ணெய் நூலைச் சுற்றிக் கொளுத்தி, சட்டென்று தண்ணீரில் அமிழ்த்துவார். கழுத்துக் கழன்றுவிடும். உள்ளே மெழுகுதிரி வைத்தால் விளக்கு.

சேவையர் கந்தோர் வேலையாக, நிலம் அளக்க வந்து அங்கே தங்கியிருந்த நான் சோடா குடித்தாலும் பக்கத்தில் வந்து நிற்பார்.

"முடிஞ்சுதோ ஐயா?"

"அரைவாசி கிடக்கு."

"ஆறுதலாக் குடியுங்கோ. நான் சும்மாதான் நிக்கிறன்."

பேசாலை அவருடைய ஊர். கோயில் பெருநாளுக்கு முதல்நாள் என்னையும் கூட்டிப்போனார். இருள் கவியும் மம்மல் பொழுதில், பெருநாள் அலங்காரமாகக் கடற்கரைத் தென்னைகளில் பச்சைப் போத்தல்களை ஒருபக்கமும், சிவப்புத் தாள் ஒட்டியவற்றை மறுபக்கமும் ஏற்றித் தொங்கவிட்டார். கடலில் அப்படிப் பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிந்தால், கப்பல் நேரே வருகிறது என்று அர்த்தம். கரைக்கு வந்துகொண்டிருந்த வள்ளங்கள் திரும்பி ஓடின. மெழுகுதிரிகள் எரிந்து தீர்ந்த பிறகுதான் வள்ளக்காரர் கரைக்கு வந்தார்கள். கோயிலில் வேஸ்பர் என்னும் மாலைச் செபம் முடிந்துவிட்டிருந்தது.

"உன்ர விளக்கைக் கப்பலெண்டு நினைச்செல்லோ ஓடினனாங்கள்!" என்று வள்ளங்களின் சொந்தக்காரரான சம்மாட்டியார் இடுப்பில் ஈரச் சாரத்தோடு பாய்ந்தார்.

கோக்கியின் ஒற்றைப் புருவம் உச்சிக்கு ஏறியது.

"மெய்யாவோ அண்ணை? பெரிய கப்பலோ, சின்னதோ?"

சம்மாட்டியார் அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நிற்க, சிரிப்பு வந்துவிட்டது.

"பெரிசுதான்ரா!"

இன்றைக்கும் சோடாவின் கடைசி மிடறை விழுங்குமுன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.