வெறும் தண்ணீரும் அரை மணி நேரமும்

ஜூலை ஐந்து, சனிக்கிழமை. வழக்கம்போல் வாசல் பெருக்கி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, ஆறரைக்குப் பக்கத்து வீட்டிலிருக்கும் அண்ணனைப் பார்க்கப் போனேன். அண்ணன் மனைவி, என் மைனி, கொடியில் துணி போட எட்டாமல் நின்றிருந்தார். கயிற்றை யாரும் உயர்த்திக் கட்டவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் தொரட்டி இல்லாமல் முருங்கைக்காய் பறித்தவர் இந்த மைனி. மாப்பிள்ளையைவிடப் பெண் உயரம் என்று பந்தலிலேயே கேலி செய்தார்கள். இப்போது சேலைக்கரை தரையில் இழுபடுகிறது. கேட்டால், "இப்போ உள்ள சேலைக்கெல்லாம் அகலம் கூடிப்போச்சு மக்கா" என்பார்.

போன வருடம் குளியலறையில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு ஒடிந்தது. நாகர்கோவிலில் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எலும்பு உள்ளுக்குள் மெலிந்துவிட்டது, மாதவிடாய் நின்ற பிறகு இது வேகமாக நடக்கும், ஒடிகிற வரை தெரியாது என்றார். முதுகெலும்பிலும் ஓரிடம் நசுங்கியிருந்தது. அந்த முதுகுவலியைத்தான் பிடிப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் தைலம் தேய்த்திருக்கிறோம். மணிக்கட்டுக் கட்டைப் பிரித்த அன்றே, இவர்கள் இருவர் கணக்கில், நோய் தீர்ந்துவிட்டது. "வயசானா கூனத்தான் செய்யும்" என்றார் அண்ணன். ஒடிந்தது சேர்ந்துவிட்டது, சரி, மற்ற எலும்புகள்? இதைச் சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

எலும்புக்கு டாக்டர் எழுதித் தந்த, ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு மாத்திரையை மட்டும் மைனி விடாமல் சாப்பிட்டார். அன்று ஈரத்துணியை என்னிடம் நீட்டியபடி, "அதையும் நிப்பாட்டப் போறேன். ஒரு கொணமும் தெரியல்ல" என்றார்.

"எப்படிக் குடிக்கிய மைனி?"

"ராத்திரி சூடு பால்ல குடிச்சிட்டுப் படுத்துருவேன். எலும்புக்குப் பால் நல்லதுல்லா?"

பால் அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாது. உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். பால் அதற்குப் பிறகுதான். டாக்டர் இதை என் முன்னால்தான் சொன்னார்.

"காலையில எனக்கு ஏதுட்டி அரைமணி நேரம்? கண்ணு முழிச்ச ஒடனே ஒனக்க அண்ணனுக்குச் சாயா வேணும்."

"அண்ணனுக்குக் கை இல்லியா?"

"இருக்கு. ஒடியாத கை."

உள்ளே அண்ணன் கையில் பத்திரிகை விரிந்தபடியே இருந்தது. நேராகப் போய் அண்ணனிடம் சொன்னேன். ஒரு வருட மாத்திரை வீண். அடுத்த முறை விழுந்தால் ஒடிவது இடுப்பாக இருக்கலாம். பிறகு மைனி எழுந்து நடப்பது நிச்சயமில்லை.

"ஒரு சாயாவுக்கா இவ்வளவு பேச்சு?" என்றார்.

"சாயாவுக்கு இல்ல. இடுப்புக்கு."

பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் கோபத்தோடு வீடு திரும்பினேன்.

ஞாயிறு காலை எழுந்ததும், வாசல்கூடப் பெருக்காமல் அங்கே போனேன். மைனி வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு, தன் வீட்டிலேயே விருந்தாளிபோல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அடுக்களையில் அண்ணன் தேயிலை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மேல்தட்டுல தேடாதிய" என்றார் மைனி. "எனக்கு எட்டல்லேண்ணு எல்லாத்தையும் கீழ எறக்கி வச்சு ஒரு வருசமாச்சு."