முப்பது நாளை நான் எண்ணிய விதம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது, இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

ஆம்பூரில் எங்கள் தெருவில் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது என் வேலை. பாய் வீடு, எங்கள் ஆட்கள் வீடு என்று பார்ப்பதில்லை. குளிப்பாட்டுகிறவள்தான் நாள் கணக்கும் வைப்பாள். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த நாள் ஒன்று. அதிலிருந்து நாற்பது முடியும்வரை வாசல் தாண்டக்கூடாது. என் வாய்க் கணக்கை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

எதிர்வீட்டு பாயம்மாவின் மருமகள் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறவள். ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. வேலூருக்குப் போய் வைத்தியம் செய்துகொண்டாள். மாத்திரை சாப்பிட்ட ஒரு மாதம் கண்ணுக்குள் ஏதோ மின்னுகிறது, ஊசிமுனை மங்குகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். டாக்டரிடம் சொல் என்றேன். அவர்கள் அதை நிறுத்தி ஊசி போட்டார்கள், மங்கல் போய்விட்டது. வைத்தியம் நடந்ததே தெருவுக்குத் தெரியாது. பாயம்மா தெரியவிடவில்லை.

இரண்டு பெண் குழந்தைகள். ஏழரை மாதத்திலேயே பிறந்துவிட்டன. பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தன.

முதல் நாளே மருமகள் சொன்னாள்: "ஆயா, முப்பது நாளுக்குள்ள கண்ணு டாக்டர்கிட்ட காட்டணும்னு சொல்லி அனுப்பினாங்க."

பாயம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நாப்பது முடியாம எங்க தூக்கினு போறது? கண்ணுக்கு இன்னா இப்ப, நல்லாத்தானே முழிக்குதுங்க? கண்ணாஸ்பத்திரிக்குப் போனா வைத்தியம் பண்ணது வெளிய வந்துடும், தெருவே கேக்கும், மருந்துல பொறந்ததுங்களுக்கு இதான் கதியான்னு. நீயே சொல்லுக்கா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சண்டை என்றால் பயம். "முப்பதுக்கு இன்னும் நாள் கெடக்குது. நான் சொல்றேன், அப்ப பாத்துக்கலாம்" என்றேன்.

பதினேழாம் நாள் சின்னவளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மருமகள் துணி எடுக்கப் பையைக் கவிழ்த்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் காலில் கட்டியிருந்த பட்டை விழுந்தது. அதில் பிறந்த தேதி. எண் படிக்க எனக்கு வரும். விரல் விட்டு எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். ஆஸ்பத்திரியில் சொன்ன முப்பது, பிறந்த நாளிலிருந்து. பெட்டியில் இருந்த பதினெட்டு நாளை நான் சேர்க்கவே இல்லை.

"இன்னா ஆயா, எத எண்ற?"

"தப்பா எண்ணிட்டேம்மா. முப்பது போய்டுச்சு. இன்னைக்கு முப்பத்தஞ்சு."

அவள் எழுந்து மாமியாரைப் பார்த்தாள். அழக்கூட இல்லை. நான்தான் பேசினேன்: "நாப்பதையும் நான்தானே எண்றேன், அந்தக் கணக்கே சரியில்ல. வெளிய எடுத்துனு போனா வர்ற பாவம் எனக்கே வரட்டும்."

பாயம்மா உள்ளே போனாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். தன் துப்பட்டாவோடு வந்து குழந்தைகளைப் போர்த்தினாள். "நின்னுனு பேஜார் பண்ணாத. காரைக் கூப்புடு."

வேலூர் போகிற வழியில் பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்ற அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு நீளம். பாயம்மாவின் விரலில் தஸ்பீஹ் ஜெபமாலையின் மணி ஓடிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். பிறகு, "யாராச்சும் அசையாம புடிங்க" என்றாள் நர்ஸ். துணியில் இறுக்கிச் சுற்றிப் பிடிக்க எனக்குத் தெரியும். இமை மூடாமல் இருக்கக் கம்பி மாட்டினார்கள். குழந்தை கத்தியது, என் கை அசையவில்லை.

"பெரியவளுக்குப் பரவால்ல" என்றார் டாக்டரம்மா. சின்னவளை வெகுநேரம் பார்த்தார். "ஏன் இவ்வளவு லேட்டு?"

"நான்தாம்மா தப்பா எண்ணிட்டேன்" என்றேன்.

பாயம்மா கேட்டாள்: "புள்ள உண்டாவறதுக்குப் போட்ட ஊசியாலதானே இது?" மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊசி நேரா கண்ணக் கெடுத்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. வைத்தியத்துல ரெட்டையா தங்குச்சு, அதனால முன்னாடியே பொறந்துச்சு. இப்படிக் கொறமாசத்துல பொறந்தா கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் சரியா வளந்திருக்காது. தானா உண்டானாலும் இதேதான். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா என் கையில இல்ல."

மறுநாள் சின்னவளுக்கு லேசர் வைத்தார்கள். பிடித்ததா இல்லையா என்று தெரிய வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் போனோம். அந்த வாரங்களில் அந்த வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் குளிப்பாட்டும்போது சின்னவள் என் மூக்குத்தியையே பார்த்தாள். கை நீட்டிப் பிடித்து இழுத்தாள். ரத்தம் வந்தது. நான் விடுவிக்கவில்லை.

இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிறந்த தேதியைக் கேட்கிறேன்.

இதில் உள்ள நாட்களையும் நான்தான் எண்ணி எழுதியிருக்கிறேன். ரொம்ப எடை குறைந்த பிள்ளைக்கு முப்பதுக்கும் முன்பே காட்டவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதாக ஞாபகம், எத்தனை நாள் என்பது மறந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு கண் டாக்டரிடம் கேட்டு, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். என் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள்.