பதினோராவது இடத்தில் ஒரு வட்டம்

என் கணவர் டில்லிபாபுவின் வேலை சக்கரம் உடைப்பது. சக்கரம் உடையாமல் இருந்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். உடைந்தால் கம்பெனிக்கு நல்ல நாள். வெளிநாட்டில் யாருடைய கழுத்தோ முறிவதற்கு முன்னால் இங்கேயே தெரிந்துவிட்டதே என்பார் இன்ஜினியர் அருள்முருகன்.

கம்பெனி என்றால் அரக்கோணம் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்தான். மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கார்பன் சக்கரம் செய்கிறார்கள். கறுப்பாக, வழவழவென்று இருக்கும். தூக்கினால் ஒரு சொம்புத் தண்ணீர் கனம்தான். ஒரு ஜோடியின் விலைக்கு எங்கள் தெருவில் ஒருவர் நல்ல பைக்கே வாங்கிவிடலாம். இரும்பு ரிம் வளையும், அலுமினியம் நசுங்கும், பார்த்தாலே தெரியும். கார்பன் அப்படிச் சாடை காட்டாது. கடைசி நொடிவரை நன்றாக இருந்துவிட்டு ஒரேயடியாகப் போய்விடும். ஷெட்டில் ரிம்மின் மேல் எடையை விழவைத்துப் பார்க்கிற இயந்திரம் உண்டு. ஆனால் பாறை செய்வதை அது செய்யாது. அதற்குத்தான் என் கணவர்.

அவர் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். இதற்கு முன் பன்னிரண்டு வருடம் பால் ஊற்றினார். ரோடு வழியாகப் போனால் சுற்று என்று, பழைய கல் குவாரி மலையில் ஏறி, பாறையிலேயே சைக்கிளை இறக்குவார். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும். சோதனைக்கு இடம் தேடி அங்கே வந்த அருள்முருகன் சார் அதைப் பார்த்துவிட்டு, "பிரேக்கே பிடிக்கலையே, எப்படிய்யா இறங்குன?" என்று கேட்டாராம்.

"பிரேக் புடிச்சா பால் சிந்திடும் சார்."

அடுத்த மாதமே வேலைக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு ஜோடிச் சக்கரத்தையும் அந்த மலையில் முப்பது முறை இறக்க வேண்டும். முதல் பத்து முறை டயரில் முழுக் காற்று. அடுத்த பத்துக்குக் கொஞ்சம் குறைப்பார்கள். கடைசிப் பத்தில் காற்று பாதிதான் இருக்கும், கல் நேராக ரிம்மில் இடிக்கும். இறங்கி வந்ததும் சக்கரம் எப்படி இருந்தது என்று அவர் சொல்ல வேண்டும். "இது அம்மிக்கல்லு மேல குந்தின மாதிரி இருக்கு சார், மணிக்கட்டுலயே அடிக்குது" என்பார். இன்னொன்றை, "இது பரவால்ல, கல்லு இடிச்சா இன்னான்னு கேட்டுகினு அப்பால விடுது" என்பார். சார் சிரிக்காமல் அதையெல்லாம் இங்கிலீஷில் டைப் செய்துகொள்வார்.

மூன்று வருடத்தில் இடது மணிக்கட்டு, வலது கணுக்கால், இரண்டு விலா எலும்பு. விலா முறிந்தது போன சித்திரையில். அன்றைக்கு முன்சக்கரம் பிளந்து, சைக்கிளுக்கு முன்னால் இவர் போய் விழுந்தார். அதன்பிறகு ஒரு மாதம் அவர் இருமும்போதெல்லாம் எங்கள் மகள் அபி ஓடிவந்து தன் கையால் அவர் வாயைப் பொத்துவாள். இருமினால் அப்பாவுக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஷெட்டில் எனக்கும் வேலை இருந்தது. காலையில் திறந்து பெருக்குவேன். பிறகு சக்கரங்களைத் துடைத்துத் தட்டிப் பார்ப்பேன். பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயத்தால் ரிம்மைச் சுற்றி, வெள்ளைப் பென்சிலால் எண் எழுதிய இருபத்தெட்டு இடங்களில் தட்ட வேண்டும். நன்றாக இருந்தால் 'டிங்' என்று கேட்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் ஈரச் சுவரில் தட்டினதுபோல் 'டொப்' என்று கேட்கும். நன்றாக இருந்தால் நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே வட்டம், இல்லையென்றால் பெருக்கல் குறி. பேச்சுதான் எனக்கு வராது, காது நன்றாகக் கேட்கும். மற்றவர்களுக்குத் தெரியாத வித்தியாசம் எனக்குத் தெரிந்ததால் அந்த வேலையை என்னிடமே விட்டுவிட்டார்கள்.

ஆடிக் கிருத்திகை அன்று புது ஜோடி ஒன்று சோதனைக்கு இருந்தது. இதுவரை செய்ததிலேயே இலேசானது. சித்திரையில் பிளந்ததைவிடவும் இலேசு. அன்று காலை கிளம்பும்போது அவர் ஷூவின் லேஸை மூன்று முறை கட்டி அவிழ்த்தார். பயம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வழியெல்லாம் காவடி. முருகன் கோயில் மலைக்குப் போக எனக்கு நேரமில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வழியில் ஒரு கற்பூரப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தேன்.

உள்ளே கற்பூரம் ஏற்றக் கூடாது. சட்டென்று பற்றிக்கொள்கிற ரெசினும் தின்னரும் இருக்கிற இடம். ஆயுத பூஜைக்கே கேட்டுக்கு வெளியில்தான் ஏற்றுவோம். எனக்கு அது தெரியும். வெளியில் வைத்து ஏற்றிப் பார்த்தேன், ஆடிக் காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. மனசுக்குச் சரியாகப் படவில்லை. யாரும் வரவில்லை. உள்ளே போனேன்.

முன்சக்கரம் டயர் மாட்டாமல் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. டயர் உட்காருகிற பள்ளம் உச்சியில் அகல் விளக்கு மாதிரி மேல்நோக்கி இருந்தது. அதில் இரண்டு வில்லை வைத்து ஏற்றினேன். காற்று எட்டாத இடம். சுடர் ஆடாமல் எரிந்தது. அரோகரா அரோகரா என்று சொல்லிக்கொண்டு, அவர் முகத்தை நினைத்துக்கொண்டு அணையும்வரை நின்றேன். புடவைத் தலைப்பால் துடைத்தேன். கரி தெரியவில்லை. சக்கரமே கறுப்பு.

பிறகு நாணயத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். பத்துவரை 'டிங்'. பதினொன்றில் 'டொப்'. உச்சியில் இருந்தது அதுதான்.

மறுபடி தட்டினேன். அதே சத்தம். பேனாவை எடுத்துப் பெருக்கல் குறியின் முதல் கோட்டைப் போட்டேன். அப்போது மெக்கானிக் கதிரவன் உள்ளே வந்தான்.

"இன்னாக்கா, கோயில் வாசன அடிக்குது? மலைக்குப் போய் வந்துட்டியா?"

"ஆங்."

"எனுக்கும் சேத்து கும்புட்டியா? தட்டிப் பாத்தாச்சா?"

பின்னாலேயே அருள்முருகன் சாரும் வந்துகொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். வாய் வரைக்கும் வந்தது. எல்லார் முன்னாலும், இங்கே கற்பூரம் கொளுத்தினேன் என்று சொல்ல வேண்டுமே என்ற வெட்கத்தில் நாக்கு எழவில்லை. சூடு ஆறினால் சத்தம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போட்ட கோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"ஆங்" என்றேன்.

கதிரவன் டயரை மாட்டினான். அதற்குள் வந்துசேர்ந்திருந்த என் கணவர் தன் போனை வழக்கம்போல் அலமாரியில் வைத்துவிட்டு, "வரட்டா ஷோபி?" என்றார். எட்டு மணிக்கு மூவரும் குட்டியானை வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் துடைப்பத்தை எடுத்தேன். பெருக்க முடியவில்லை. மூலையில் உடைந்த ரிம்களின் குவியல் கிடந்தது. அதில் ஒரு நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துத் தட்டினேன். 'டிங்'. கேட்டுக்கு வெளியில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் மறைவாக வைத்து அதே மாதிரி இரண்டு வில்லை ஏற்றினேன். அணைந்தது. நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்தேன். தட்டினேன். 'டொப்'. ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இடத்தை நெம்பினேன். வெங்காயத் தோல் போல ஒரு அடுக்கு எழுந்து வந்தது.

துண்டை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

கதிரவனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. சாருக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. இறங்குவதைப் படம் எடுக்கும்போது அழைப்பு வந்தால் படம் அறுந்துவிடும் என்று போன்களின் தொடர்பை நிறுத்திவிடுவார்கள். மறுபடி மறுபடி போட்டேன்.

ஷெட்டில் கதிரவனின் பழைய சைக்கிள் நின்றது. பள்ளிக்கூடம் நின்றபிறகு நான் சைக்கிள் தொட்டதில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

குவாரி மலைக்கு ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்றைக்கு ஊர் முழுக்க ஜனம். கோயில் அடிவாரத்தில் ஓட்டவே முடியவில்லை, இறங்கித் தள்ளினேன். ஒருவரின் காவடியில் ஹேண்டில்பார் இடித்தது.

"ஏம்மா, அறிவிருக்கா? சாமி கும்புட வர்ற கூட்டத்துல சைக்கிள உட்டுகினு எங்க போற?"

"வழி விடுங்க" என்று சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு அம்மாள், "பாவம், அழுதுகினு போவுது, விடுய்யா" என்றாள். அப்போதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

மிதித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். குட்டியானையில் மேலே ஏற்றி ஒருமுறை இறங்க ஏழெட்டு நிமிடம். ஒன்பதுக்குத் தொடங்கியிருந்தால் இப்போது ஏழாவது. முழுக் காற்றில் ஒருவேளை தாங்கும். கூட்டம் விலகாமல் நின்றேன். இப்போது பத்து. காற்றைக் குறைத்திருப்பார்கள். செயின் கழன்றது. மாட்டினேன். பதின்மூன்று. ஒவ்வொரு எண்ணிலும் மலையில் அவர் விழுந்துகிடப்பது தெரிந்தது.

மலையடிக்கு வந்தபோது கதிரவன் கீழே போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். உச்சியில் சிவப்பு ஹெல்மெட். அவர் கிளம்பிவிட்டார்.

கத்தினேன். மூச்சுதான் வந்தது. பாதையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை உண்டு. அதிலிருந்து சைக்கிளோடு குதித்து, கீழே ஒரு சப்பட்டைக் கல்லின் மேல் அவர் இறங்குவார். முன்சக்கரம் அடி வாங்குகிற இடம் அதுதான். நான் ஓடிப்போய் அந்தக் கல்லின் மேல் நின்றேன்.

"யக்கா! எங்க போற?" என்று கதிரவன் கத்தினது காதில் விழுந்தது.

அவர் பாறை விளிம்புக்கு வந்தார். என்னைப் பார்த்தார். "பாவா, நில்லுங்க!" என்று அப்போது ஒரு குரல் வந்தது. அது என் குரல் என்று இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

நிற்க முடியாத வேகம். ஹேண்டிலைப் பக்கவாட்டில் ஒடித்தார். சைக்கிள் குதிக்காமல் ஓரத்துச் சரிவில் இறங்கி, வேலிகாத்தான் புதருக்குள் புகுந்து ஒரு கல்லில் மோதியது. துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

நான் போனபோது முள்ளுக்குள் மல்லாந்து கிடந்தார். வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கண் திறந்திருந்தது.

மேலேயிருந்து அருள்முருகன் சார் ஓடி வந்தார். "இவங்களை யாரு உள்ள விட்டது? பதினாறு ரன் ஒழுங்கா போச்சு! என்னம்மா பண்ணிட்டீங்க?"

சக்கரம் பிளந்து பக்கத்தில் கிடந்தது. பிளந்த இடத்தில் வெள்ளைப் பென்சிலால் எழுதிய எண் இருந்தது. பதினொன்று.

"நான்தான்" என்றேன். "அங்க கற்பூரம் வச்சேன். சத்தம் மாறிச்சு. சொல்லல."

என் கணவர்தான் முதலில் பேசினார், பல்லைக் கடித்துக்கொண்டு. "முருகனுக்குக் காட்டறத சக்கரத்துக்குக் காட்டினியாடி, லூசு." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வலியாகிவிட்டது.

காறை எலும்பு மூன்று துண்டு. தோளில் பிளேட் வைத்தார்கள். நரம்பிலும் அடி. கை மேலே எழும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் அந்த முறை நன்றாகவே இறங்கியிருப்பாரோ, இல்லை பாறைக்குக் கீழே சக்கரம் பிளந்து கழுத்து முறிந்திருக்குமோ, அது சாருக்கும் தெரியாது. நான் கேட்டேன். "தெரியலம்மா" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று சார் நோட்டையும் எடுத்து வந்திருந்தார். பதினொன்றுக்கு நேரே விரலை வைத்தார். வட்டத்துக்குள் ஒரு கோடு. "இது என்னம்மா?" என்று கேட்டார். திட்டவில்லை. இனி வர வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

அவர் போனபிறகு என் கணவர் சொன்னார்: "தினம் ஏறறதுக்கு முன்ன அந்த நோட்டத்தான் பாப்பேன். அன்னிக்கும் பாத்தேன். உள்ள கோடு இருந்திச்சு. மேல வட்டம் போட்டிருந்த. செரி, நீ வட்டம் போட்டா வட்டம்தான்னு ஏறிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன்.

"உடு" என்றார். பிறகு, "இனிமே கதிரவனே தட்டட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது கார்த்திகை. தை பிறப்பதற்குள் கை தோள் உயரத்துக்கு வந்தால் வேலை அவருக்கே, வராவிட்டால் வேறு ஆள் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். பால் கேனைத் தூக்கவும் அந்தக் கைதான் வேண்டும். தினமும் காலையில் சுவரை ஒட்டி நின்று விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்துவார். நெற்றியில் வேர்த்துக் கொட்டும். எட்டின இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். தோள் உயரத்தில் அபி ஒரு பூ வரைந்து வைத்திருக்கிறாள். இருபது நாளாகக் கோடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் கிடக்கின்றன. பூவுக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது.

நேற்று விரல் நின்ற இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி கேட்டார்.

"ஷோபி, இன்னிக்கு ஒரு விரக்கட மேலயே போடேன். பாத்தா கொஞ்சம் தெம்பா இருக்கும்."

அவர் விரலையே பார்த்தேன். அது எட்டிய இடத்திலேயே கோட்டைப் போட்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தார். கையை இறக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தார்.