எழுபத்தேழு காட்டிய குடுவை

அந்தமானைச் சுற்றிப் பார்க்க வந்த நான், அதிகாலை நான்கு மணிக்குப் போர்ட் பிளேரில் ஜீப் ஏறினேன். திக்லிபூர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஓட்டியவர் சுடலைமுத்து, தீவில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம்; பேச்சில் இந்தி கலந்து வரும். என் காலடியில் ஓர் அலுமினியக் குடுவை இருந்தது. அதற்குள் திரவ நைட்ரஜனில் உயர்ரகக் காளையின் உறைவிந்துக் குச்சிகள்.

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு சார். விரலை விட்டீங்கன்னா விரல் காலி."

மதுரைக்காரனுக்குப் பதினெட்டு டிகிரியே குளிர்.

திக்லிபூரில் ராசையா என்பவரின் மாடு முந்தின மாலையிலிருந்து சினைக்குக் கத்திக்கொண்டிருக்கிறதாம். நல்ல கறவை இனத்துக் கன்று வேண்டுமென்று இரண்டு மாதமாக இந்தக் குச்சிக்குக் காத்திருக்கிறார். "சாயங்காலத்துக்குள்ள ஊசி போட்டுரணும். தவறினா மூணு வாரம் கழிச்சுத்தான்."

ஐந்தேகாலுக்கு ஜிர்க்கடாங் சோதனைச்சாவடி. அப்பால் பாதுகாக்கப்பட்ட காடு. ஆறு மணிக்கு வண்டிகளை வரிசையாக விடுவார்கள். நடுவில் நிற்கக் கூடாது, போன் சிக்னலும் கிடையாது. சுடலைமுத்து டீ குடிக்க இறங்கினார். குடுவையில் மெயின்லேண்டிலிருந்து போன வாரம் வந்த, உள்வெப்பம் காட்டும் மீட்டர் மாட்டியிருந்தது. அதைப் படம் எடுக்க ஆசைப்பட்டேன். இருட்டில் எண் தெரியவில்லை. வெளிச்சம் வருமென்று பட்டனை இரண்டு முறை அழுத்தினேன். வரவில்லை. நானும் டீக்கு இறங்கிவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

ஆறு மணிக்கு விசில் ஊதினார்கள். வண்டியில் ஏறிய சுடலைமுத்து மீட்டரைப் பார்த்து அலறினார்.

"சத்தியநாஷ்! எழுபத்தேழு காட்டுது சார்! எல்லாம் செத்துப் போச்சு!"

சிக்னல் போய்விடுமே என்று அவசரமாக ராசையாவுக்குப் போன் செய்தார். "அண்ணே, சரக்கு கராப் ஆயிட்டு. காத்திருக்காதீங்க, உள்ளூர்க் காளைகிட்டயே ஓட்டிட்டுப் போயிருங்க." பின்னால் ஹாரன் அடித்தார்கள். புறப்பட்டோம். பட்டனை அழுத்தியதை அவரிடம் மறைத்துவிட்டேன்.

எட்டு மணிக்கு மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை. படகு வரும் வரை, நைட்ரஜன் இருப்பு அளக்கும் நீளக் கோலை மனசு கேட்காமல் குடுவைக்குள் விட்டார். வெள்ளைப் புகை வழிந்தது. வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டினார். கோலின் அடியிலிருந்து பாதி நீளத்துக்கும் மேலாக உறைபனி படிந்திருந்தது. நைட்ரஜன் அப்படியே இருக்கிறது.

"அப்ப இந்த எழுபத்தேழு க்யா ஹை?"

குனிந்து பார்த்தேன். எண்ணுக்குக் கீழே, கடுகு அளவில், 'கே' என்ற ஆங்கில எழுத்து. கெல்வின்! பள்ளிக்கூடத்தில் படித்தது: செல்சியஸ் வேண்டுமானால் 273-ஐக் கழி. எழுபத்தேழில் கழித்தால் மைனஸ் 196. நான் பட்டனை முதல்முறை அழுத்தியபோது ஃபாரன்ஹீட் வந்திருக்கும், மைனஸ் 321. இரண்டாம் முறை கெல்வின். இதே எழுபத்தேழு ஃபாரன்ஹீட்டாக இருந்தால் 25 டிகிரி செல்சியஸ், மதுரையில் ஒரு மார்கழிக் காலை. அலகு மாறியிருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

படகில் அக்கரை சேர்ந்தோம். பாராடாங்கில் சிக்னல் வந்ததும் சுடலைமுத்து போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, சரக்கு நல்லாத்தான் இருக்கு, காத்திருங்க!"

"நீங்க சொன்ன ஒடனே ஓட்டிட்டுப் போனேனே தம்பி. காளை சேந்து ஒரு மணி நேரம் ஆச்சு."

சுடலைமுத்து மீட்டரையே வெறித்தார். "பட்டனை அழுத்தினது நான்தான்," என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. போனை என் கையில் கொடுத்தார்.

"அவர்கிட்டயே சொல்லுங்க சார்."

சொன்னேன். மறுமுனையில் மாடு ஒருமுறை கத்தியது.

"இனி இந்தக் கன்னை ஈன்ற பொறவுதான் அடுத்த ஊசி. ஒரு வருசம் போச்சே சார்," என்றார் ராசையா.