பூஜைக்குப் பிறகு தராசு பேசவில்லை

ஆயுத பூஜைக்கு எதைக் கழுவலாம், எதைக் கழுவக் கூடாது என்று யாராவது ஒரு சட்டம் போட்டால் தேவலை. ஓடைப்பட்டியில் என் சித்தப்பாவின் திராட்சைக் கொட்டகையில் டிராக்டரையும் கத்தரிகளையும் கழுவியது போதாதென்று, கணினியின் கேபிள்களையும் பிடுங்கித் துடைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் கை போன போக்கில் திரும்பச் சொருகியவர் சித்தப்பா.

"தராசு காட்டுது, கம்ப்யூட்டருக்கு எடை வரல. டிரைவர் சிடியை எங்கன வச்சிருக்க?" என்று போன் செய்தார். அந்தக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் நான். சிடி கிடையாது, தராசோடு பேசும் டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போய்ப் பார்த்தால், பக்கத்துத் தோட்டத்து அக்கா எடை போடத் தன் பழப் பெட்டிகளோடு வந்து நின்றார். மழையில் பழம் வெடித்துவிடும் என்று பயந்து, கொடியில் ஒரு குலை விடாமல் விடியலிலேயே வெட்டியிருந்தார். எடை அச்சடித்த லேபிள் இல்லாத பெட்டியைக் கேரள வியாபாரி தொடமாட்டார். லாரி புறப்படத் தயாராக நின்றது.

லினக்ஸ் பின்பற்றும் பழைய யூனிக்ஸ் வழியில் ஒவ்வொரு கருவியும் ஒரு கோப்பு. தராசின் கோப்பிலிருந்து எடையைப் படிக்க வேண்டும், பிரிண்டரின் கோப்பில் லேபிளை எழுத வேண்டும். சித்தப்பா இரண்டுக்கும் ஒரே மாதிரி மலிவுக் கேபிள் வாங்கியிருந்ததால், எது எது என்று கெர்னலுக்குத் தெரியாது. முதலில் வந்ததற்குப் பூஜ்ஜியம், அடுத்ததற்கு ஒன்று என்று எண் போட்டுவிடும். எடையை வாங்கி லேபிள் அடிக்கும் எங்கள் நிரலோ பூஜ்ஜியம்தான் தராசு என்று நம்புகிறது. அவர் பிரிண்டரை முதலில் சொருகிவிட்டார். பாவம் நிரல், பிரிண்டரிடம் எடை கேட்டுக்கொண்டிருந்தது.

நிரலை நிறுத்தி, இரண்டையும் பிடுங்கி, தராசை முதலில் சொருகினேன். முதல் பெட்டிக்கு லேபிள் வந்தது. அக்கா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டாவது பெட்டிக்கு ஒன்றும் வரவில்லை.

"சித்தப்பா, என்னத்தத் தொட்டீக?"

"நான் ஒண்ணும் தொடலத்தா."

நம்பித் தொலைத்தேன். நிரலைப் பார்த்தேன், பிரிண்டரைப் பார்த்தேன், காகிதச் சுருளைக் கழற்றி மாட்டினேன். கேரள எல்லைக் குமுளி மலையில் மழை இறங்குமுன் ஏறிவிட வேண்டும் என்று லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கடைசியில் கருவிக் கோப்புகளைப் பார்த்தால், பூஜ்ஜியம் என்ற எண்ணைக் காணோம். புதிதாக இரண்டு என்ற எண் முளைத்திருந்தது. நிரல் ஓடும்போதே யாரோ தராசைப் பிடுங்கியிருக்கிறார்கள். பழைய எண்ணை நிரல் விடாமல் பிடித்திருந்ததால், திரும்பச் சொருகியதும் கெர்னல் புது எண் கொடுத்துவிட்டது.

"குங்குமம் உள்ள போயிருக்குமோன்னு லேசாத் தொடச்சேன். அதுக்குப் பேரு தொடுறதா?" என்றார் சித்தப்பா.

ஆத்திரத்தில் மறுபடி எல்லாவற்றையும் நிறுத்தி, பிடுங்கி, வரிசையாகச் சொருகி, நிரலை ஓட்டினேன். தராசு பேசியது.

"அடுத்த பெட்டிய வைங்கக்கா."

அவர் அசையவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லேபிள் ஒட்டுன ஒத்தப் பெட்டிய மட்டும் ஏத்திட்டுப் போயிட்டாக, தங்கச்சி."