போன கருவியின் பேரில்

டீயைக் கையில் வாங்கியும் குடிக்காமல், தஸ்லீம் கணினித் திரையை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வருகிறார். சிவப்பு வரி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் முதல் மிடறு. அதற்குள் டீ ஆடை கட்டிவிடும். ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிப்பார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அதை ஓட்டும் மென்பொருளுக்கு இவர்தான் காவல். பழவேற்காட்டில் வலைக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். முப்பது வயது இன்னும் ஆகவில்லை. துப்பட்டா முனையில் அத்தர் நனைத்த பஞ்சை முடிந்திருப்பார். அந்த ஆலைக்குள் அரை மணி நேரம் இருந்தால் எதற்கு என்று புரிந்துவிடும்.

"கல்யாண ஊட்ல ஸ்டோர் ரூம் கீதில்ல சார்? சமையல்காரர் கேக்கறத எடுத்துக் குடுப்பாங்க. அது மாரி எங்க சாஃப்ட்வேர்ல ஒரு லிஸ்ட்டு. ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேணுங்கறத கேக்கும், லிஸ்ட்டு எடுத்துக் குடுக்கும். லிஸ்ட்லேர்ந்து ஒண்ண தூக்கிட்டா, கேட்டவன் அப்டியே நின்னுடுவான்."

இரண்டு வருடம் முன்பு, 2006இல், கழிவுத் தொட்டியில் விஷவாயுவை அளக்கும் பழைய கருவியைக் கழற்றினார்கள். புதியது வர ஒரு வாரம். இவரும் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார். மறுநாள் ஆலையே எழுந்திருக்கவில்லை. மேலாளர் ஆதிநாராயணன் தலைக்கு மேல் வந்து நிற்க, அந்த இடத்தில் ஒரு பொம்மையை வைத்தார். யார் கேட்டாலும் "வாயு பூஜ்யம்" என்று சொல்லும் பொம்மை. எல்லாம் ஓடியது. நான்காம் நாள், திரையை நம்பித் தொட்டிக்குள் இறங்கினார் துப்புரவுத் தொழிலாளி யேசுதாஸ். உயிரோடு தூக்கிவிட்டார்கள். மூக்கு மட்டும் போய்விட்டது. மீன் குழம்பும் மண்ணெண்ணெயும் இன்று அவருக்கு ஒன்றுதான்.

அன்றிலிருந்து தஸ்லீமுக்கு ஒரு பிடிவாதம். எடுத்த பொருளின் பெயரை அடியோடு துடைக்க மாட்டார். யாராவது அதைக் கேட்டால் "நான் இல்லை" என்று சிவப்பில் வரும்படி எழுதி வைப்பார். "போனவங்க பேர்ல வேற யாரும் பதில் சொல்லக்கூடாது சார்."

தஸ்லீமைப் பற்றி எழுத நான் போயிருந்த வாரம், இரண்டு வருடமாக வராத சிவப்பு வரி வந்தது. திங்கள் தொடங்கி தினமும் காலை ஏழு பத்துக்கு. கழற்றி எறிந்த அதே கருவியை யாரோ கேட்கிறார்கள். கேட்கக்கூடிய நிரல்களையெல்லாம் தஸ்லீம் எப்போதோ திருத்திவிட்டிருந்தார்.

"இன்னாத்துக்கும்மா இந்த ரோதன? பழையபடி ஒரு பொம்மைய வெச்சு வாய மூடு" என்றார் ஆதிநாராயணன்.

"மூடிட்டா, கேக்கறது யாருன்னு எப்டி சார் தெரியும்?"

வியாழக்கிழமை காலை கண்டுபிடித்தேவிட்டார். பழைய கணினி ஒன்றில் திருத்தாமல் விட்டுப்போன, தொட்டியின் காற்றாடியை ஓட்டும் நிரல். "தொட்டியோட பின்பக்க மூடியத் தெறந்தாதான் சார் இது ஓடும். அத பூட்டி ரெண்டு வருசம் ஆவுது." அவர் சொல்லி வாயை மூடவில்லை, திரையில் சிவப்பு வரி விழுந்தது. மணி ஏழு பத்து.

டீயைப் போட்டது போட்டபடி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

மூடி திறந்திருந்தது. இடுப்பு வரை உள்ளே கவிழ்ந்து கிடந்தது ஓர் உடம்பு. அசைவில்லை. தஸ்லீம் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். திரும்பிய முகம் யேசுதாஸுடையது. திங்கட்கிழமைதான் காவலாளியாக மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தார், சாவிக்கொத்து அவரிடம். உள்ளே விஷம் நிறைந்திருந்தாலும் அந்த மூக்குக்குத் தெரியப்போவதில்லை.

"நாத்தம் தெரியுதான்னு பாத்துக்கினு இருந்தேன்மா" என்றார், சாதாரணமாக. "இங்கதான போச்சு."

தஸ்லீம் மூடியைச் சாத்திப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு துப்பட்டா முடிச்சை அவிழ்த்து, அத்தர்ப் பஞ்சை அவர் மூக்கருகே நீட்டினார். யேசுதாஸ் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார்.

"வருதாண்ணா?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். தஸ்லீம் நீட்டிய கையை எடுக்கவில்லை.