ரப்பர் பால் பூசிய சாப்பாட்டுப் பெட்டி

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கோயில் தேர் கிளம்பும்போதெல்லாம் மழையும் கூடவே கிளம்பிவிடும். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கு இந்த முறை தேரை நேரலையில் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். நனையாத கேமராவுக்கு நான் எங்கே போவது? நேரலையைத் தொடங்கி, போனை உள்ளே தெரியும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். காலையில் நான் மரப்பட்டையை வெட்டி எடுத்துவந்த ரப்பர் பாலை மூடியின் விளிம்பெல்லாம் பூசி, விசிறிக் காயவைத்தேன்.

கொட்டும் மழையில் ஊர்வலம் முழுவதையும் படம் பிடித்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. பெருமையோடு வீட்டுக்கு வந்து பெட்டியை அடுப்படியில் வைத்த பிறகுதான் உறைத்தது, நேரலையை நிறுத்த வழியில்லை! பிளாஸ்டிக்குக்கு மேல் விரல் வேலை செய்யவில்லை. மூடியோ இறுகிப் போயிருந்தது.

அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். "ஊரே நம்ம அடுப்படிய பாக்குதா? அந்தக் கருமத்த வெட்டி எடுடி!" என்று கத்தினார். கத்தியை எடுத்தேன். அதற்குள் திரையில் அக்கா எழுதியது வந்தது: "வெட்டிறாத! அம்மா மாவுக்கு உப்பு போடல, சொல்லு."

சொன்னேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு உப்பை அள்ளி, பெட்டிக்கு நேரே காட்டி, "இம்புட்டு போதுமாடி?" என்று கேட்டுவிட்டுப் போட்டார்.

சார்ஜ் தீரும்வரை பெட்டியை நாங்கள் தொடவில்லை. அக்காவுக்கு எதைக் காட்ட வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தேரைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரொட்டி மெத்தென்று வந்ததா என்றுதான் கேட்டாள்.